எழுத்துக் கூட்டுமுன் படித்த புத்தகம்

அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறையில் யாரையாவது பிடித்து, வேதாளம் சொன்ன கதைகளில் ஒன்றே ஒன்றை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் திணறிப்போவார்கள். ஒரு ராஜகுமாரி, மூன்று வாலிபர்கள், முடிவில் தலை வெடிக்க வைக்கும் ஒரு கேள்வி. அதற்கு மேல் கதை நகராது. ஆனால் உருவிய வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். அதை வரைந்தவர் கே.சி. சிவசங்கரன், 'சங்கர்' என்றால்தான் வாசகர்களுக்குத் தெரியும். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய அந்த இதழில் அவர் 1952இல் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ கிடைத்தது. கதைகள் மாதாமாதம் மாறிக்கொண்டே இருந்தன. அவற்றின் தலைப்பில் வந்த படம் மாறவில்லை. சிறுவயதுப் படப் புத்தகங்கள் ஏன் மனதை விட்டுப் போவதில்லை என்ற கேள்விக்கு விடை பெருமளவும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஒரே படத்தைக் கணக்கில்லாமல் பார்த்தோம். அதுவும் எழுத்து நம் வசப்படாத வயதில், படம் மட்டுமே நமக்குப் படிக்கத் தெரிந்ததாக இருந்தபோது பார்த்தோம்.

இரண்டாவது காரணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் குழந்தை எங்கே பார்க்கிறது என்று கனடா ஆய்வாளர்கள் மேரி ஆன் எவன்ஸும் ஷான் செந்தோபினும் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வின்படி, பள்ளி செல்லாத பிள்ளைகளின் கண் ஏறக்குறைய முழு நேரமும் படத்தின்மேலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் அபூர்வமாகத்தான் போனது. வாசிக்கிற பெரியவரின் கண்ணோ எழுத்தை விட்டு நகர்வதில்லை. ஆக, ஒரு புத்தகத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள், ஆளுக்கொரு விதமாக. இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த புத்தகம், இங்கிலாந்தின் பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்'. மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது என்பதற்கு மேல் அந்தச் சொற்களில் எதுவும் கிடையாது. படத்திலோ கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி. பாயப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஏதாவதொன்றில் மாட்டி அடிபடுகிறது. நரியைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை இல்லை. எழுத்தை மட்டும் வாசிக்கும் அப்பாவுக்குத் தெரியாத ஒன்று, எழுத்தே தெரியாத பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் எதையும் விளக்கிக்கொண்டே இருக்கும் வயதில், தானாகக் கண்டுபிடித்த ஒரு விஷயம் அத்தனை எளிதில் மறக்குமா?

அடுத்தது, அந்தக் கணக்கில்லாத திரும்பப் பார்த்தல். ஒரே புத்தகத்தையே மறுபடி மறுபடி கேட்டு நச்சரிக்கும் பிள்ளையிடம் பெரியவர்களுக்குச் சலிப்பு வருவது இயல்புதான். ஆனால் பிள்ளையின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி ஒரு வாரம் கதை வாசித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு அதே கதைகள் திரும்பத் திரும்ப. மற்றதற்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரு பிரிவினர் காதிலும் ஒரே அளவில்தான் விழுந்தன. அப்படியிருந்தும், ஒரே கதையைக் கேட்டவர்களே அச்சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள் என்று 2011இல் வெளியான முடிவு சொல்கிறது. படங்கள் விஷயத்தில் மனித நினைவு ஏற்கெனவே தாராளமானது. கனடாவின் லயோனல் ஸ்டாண்டிங் 1973இல் வெளியிட்ட சோதனையில், 10,000 படங்களைத் தலா சில நொடிகளே பார்த்தவர்கள், அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேல் பிறகு அடையாளம் கண்டார்கள். ஒரு முறை பார்த்ததற்கே இந்த நிலை என்றால் நூறு முறை பார்த்தது என்ன ஆகும்? படப் புத்தகத்தின் வடிவமும் இதற்குத் தோதானது. பெரிய தாளை அச்சடித்து மடித்து வெட்டுவதற்கு வசதியாக, வழக்கமாக 32 பக்கங்களில் முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் முடிகிற புத்தகம் என்பதால்தான் உடனே மறுபடி முதல் பக்கத்துக்குப் போக முடிகிறது. அச்சகத்தின் சிக்கனம் பிள்ளைக்கு லாபமாகிவிட்டது.

இதெல்லாம் வெறும் பழைய நாள் ஏக்கம், குச்சி ஐஸையும் பம்பரத்தையும் பற்றிக்கூட இப்படித்தானே உருகுகிறோம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்து, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலைக்குக் கிடைத்த சிறுவர் நூல்களைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் குரலில் அந்த ஏக்கம் நிச்சயம் உண்டு. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது; புத்தக வரத்தும் நின்றது. கிடைக்காததன்மேல் ஆசை கூடும்தான். ஆனால் அமெரிக்காவின் எரிக் கார்ல் 1969இல் உருவாக்கிய 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' இன்றும் கடையில் விற்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. எங்கும் தொலைந்துபோகாத அந்தப் புத்தகத்தையும் அதே பிரியத்தோடுதான் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு வாங்குகிறார்கள். ஏக்கம் நினைவுக்கு நிறம் சேர்க்கலாம், இல்லாத நினைவை உண்டாக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அந்த வயதில் பார்த்த புத்தகம் மட்டும் எப்படித் தங்கும்? எந்த நாளில், யார் மடியில், எந்த அறையில் என்ற நிகழ்ச்சி நினைவு அழிந்துவிடுகிறது, உண்மைதான். பழக்கத்தால் படிகிற நினைவு வேறு வகை. 1986இல் ஆண்டனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரங்கள் ஒரே கதைப் பகுதியைத் தினமும் உரக்க வாசித்தார்கள். பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள், சூப்பானை உறிஞ்சும் வேகத்தை மாற்றிக்கொண்டு அதே பகுதியைக் கேட்க விரும்பின. வேறு பெண் வாசித்தாலும் அப்படித்தான். எதையும் 'ஞாபகம் வைத்திருக்கிறேன்' என்று சொல்லத் தெரியாத உயிருக்கே இது சாத்தியம். போதாததற்கு, படப் புத்தகம் இரண்டு வயதோடு முடிந்துபோவதில்லை. ஐந்திலும் ஏழிலும் தம்பி தங்கைக்குக் காட்டும் சாக்கில் மறுபடி கைக்கு வருகிறது.

படம் பிள்ளையின் கற்பனையைக் கட்டிப்போடும், சொல் மட்டும் இருந்தால் அது தானாக உருவம் கொடுக்கும் என்ற வாதமும் நம்மிடையே வெகுநாளாக இருக்கிறது. பாட்டி சொன்ன கதைக்குப் படம் எங்கே இருந்தது என்பார்கள். மோசமான படத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. எழுத்தில் சொன்னதையே மறுபடி வரைந்து காட்டும் படம் உண்மையில் தண்டம்தான். நல்ல ஓவியர் அப்படிச் செய்வதில்லை. மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்தது. சேட்டை செய்து தண்டனையாக அறைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், கோர உருவங்கள் வாழும் தீவுக்குப் போய் ராஜாவாகிறான். முதல் பக்கங்களில் படம் சிறியது, சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். சிறுவனின் கோபமும் கனவும் ஏற ஏறப் படம் பெரிதாகி ஓரத்தைத் தின்கிறது. கூத்து உச்சத்தை எட்டும் இடத்தில் எழுத்தே இல்லாமல் மூன்று இரட்டைப் பக்கங்கள். பிறகு படம் மெல்ல ஒடுங்குகிறது. கடைசிப் பக்கத்தில் படம் கிடையாது, சில சொற்கள் மட்டும். கோபம் பொங்கி அடங்குவதைப் பக்கத்தின் அளவாலேயே உணரவைத்த இந்த வேலையில் கற்பனை எங்கே கட்டுப்பட்டது? உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் இந்தப் புத்தகம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று 1969இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் கண்டித்தார். புத்தகத்தை அவர் படித்திருக்கவில்லை என்பது கூடுதல் செய்தி.

படம்தான் வேண்டுமென்றால் கைப்பேசியில் காணொளி போதாதா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. காணொளி தன் வேகத்தில் ஓடும். பக்கத்தைப் புரட்டும் வேகம் பிள்ளையின் கையில் இருக்கும். கார்ல் தன் புத்தகத்தில், புழு தின்ற இடங்களில் நிஜமாகவே ஓட்டை போட்டார், பக்கங்களைச் சின்னதும் பெரியதுமாக வெட்டினார். அதற்கு அமெரிக்காவில் கட்டுப்படியான அச்சகம் கிடைக்காமல் முதல் பதிப்பு ஜப்பானில் அச்சானது. இத்தனை மெனக்கெட்டது பிள்ளையின் விரல் அந்த ஓட்டைக்குள் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே எந்தப் புத்தகம் தங்கும் என்பதைப் பெரியவர்களின் ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தப் படத்தை நூறாவது முறையும் பார்க்கலாம் என்று பிள்ளை முடிவுசெய்கிறதோ, அதுதான் தங்குகிறது. நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டையொட்டி, அதுவரை அதிக முறை இரவல் போன புத்தகங்களின் பட்டியலை 2020இல் வெளியிட்டது. முதலிடம் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' என்ற படப் புத்தகத்துக்கு, 4,85,583 முறை. முதல் பத்தில் செண்டாக்கும் கார்லும் இருக்கிறார்கள். மெல்லிய புத்தகம் சீக்கிரம் திரும்பி வரும், அதனால் எண்ணிக்கை கூடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பெரிய எண்தான். மார்கரெட் வைஸ் பிரவுனின் 'குட்நைட் மூன்' அந்தப் பத்தில் இல்லை. தனிக் குறிப்பாகச் சேர்க்கப்பட்டது. 1947இல் வெளிவந்தபோது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் செல்வாக்கோடு இருந்த ஆன் கரோல் மூருக்கு அது பிடிக்கவில்லை. 1972 வரை நூலகம் அதை வாங்கவே இல்லை.