குறியாக்கச் சுமையிறக்கத்தில் நிகழ்வுக் கையாளல்

குறியாக்கச் சுமையிறக்கம் என்பது கணினியின் மையச் செயலகம் செய்யவேண்டிய குறியாக்க வேலையை வலையட்டையிடம் ஒப்படைப்பதாகும். இதற்கான நிரல்களில் பயனற்றுப்போன நிகழ்வுக் கையாளல் பகுதிகளை நீக்குவது வழக்கமான பராமரிப்புப் பணி. ஆனால் ஒரு பகுதி உண்மையிலேயே பயனற்றதா என்று உறுதிசெய்வது எளிதன்று. லினக்சு கருனியின் ஐபிசெக் நிரலில் நடந்த மாற்றங்கள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

செயல்படும் முறை

ஒவ்வோர் ஐபிசெக் இணைப்புக்கும் திறவுகோல், வரிசை எண் முதலியவை அடங்கிய பதிவு ஒன்று உண்டு. 2017 முதல் லினக்சில் இப்பதிவை வலையட்டையிலேயே ஏற்றலாம். ஏற்றப்பட்ட ஒவ்வொரு பதிவும் அட்டையின் பயன்பாட்டுக் கணக்கில் ஒன்றைக் கூட்டும். அக்கணக்கு தீரும்வரை அட்டையைக் கருனி விடுவிக்காது.

அட்டை பதிவாதல், வசதிகள் மாறுதல், இயக்கம் நிற்றல், பதிவு நீங்குதல் ஆகியவற்றைக் கருனி நிகழ்வுகளாக அறிவிக்கிறது.

நீக்குவதற்கான காரணம்

இந்நிகழ்வுகள் கணினியிலுள்ள எல்லா வலை இடைமுகங்களுக்கும் எழும். கையாளலைப் பதிந்துவைத்த ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு முறையும் அழைக்கப்படும். பொது நிரலே துப்புரவு செய்யும்போது இயக்கியும் அதையே செய்தால் வேலை வீணாகும். ஒரே பதிவை இருமுறை அழிக்கும் பிழையும் நேரலாம்.

லினக்சில் நடந்தது

ஐபிசெக் பொது நிரலில், பதிவு நீங்கும் நிகழ்வுக்கான பகுதி ஒரு கொள்கைத் தற்காலிக நினைவகத்தை வெறுமையாக்கும் வேலையை மட்டுமே செய்துவந்தது. 2018இல் அந்த நினைவகமே கைவிடப்பட்டதால் இப்பகுதியும் நீக்கப்பட்டது. இயக்கம் நிற்கும் நிகழ்வில் அட்டையின் பதிவுகள் எப்படியும் அழிக்கப்பட்டுவந்தன.

ஆனால் ஏற்கெனவே நின்றுபோன அட்டையை நீக்கும்போது இயக்கம் நிற்கும் நிகழ்வு மீண்டும் எழாது. அதில் பதிவு எஞ்சியிருந்தால் பயன்பாட்டுக் கணக்கு தீராது. கருனி காத்திருந்து, அட்டை விடுபடவில்லை என்ற எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதும். 2020இல் பதிவு நீங்கும் நிகழ்வு மீண்டும் சேர்க்கப்பட்டது. இம்முறை, இயக்கம் நிற்கும்போது செய்யப்படும் அதே துப்புரவே அதற்கும் அமைந்தது.

நீக்கும் முன் பார்க்கவேண்டியவை

நீக்கப்படும் பகுதி இன்று என்ன செய்கிறது என்பது மட்டும் போதாது. அந்நிகழ்வு எழும்போது பதிவு, திறவுகோல், பயன்பாட்டுக் கணக்கு ஆகியவற்றை வேறெந்தப் பகுதி விடுவிக்கிறது என்பதைக் காட்ட இயலவேண்டும். அட்டை இயங்கும்போதும் நின்றிருக்கும்போதும், பதிவுகள் ஏற்றப்பட்ட நிலையில் அதை நீக்கிச் சோதிப்பது இதற்குரிய எளிய வழியாகும்.