ஒற்றைப் பாதையும் ஒரு பூட்டும்

பம்பலப்பிட்டிப் புகையிரத நிலைய மேடையில் நின்று கடலை நோக்குவோருக்கு முதலிற் கண்ணிற்படுவன இரண்டு பாதைகள். தெற்கே செல்லும் வண்டிக்கு ஒன்று. கோட்டைக்கு வரும் வண்டிக்கு மற்றொன்று. நாவலப்பிட்டிக்கு அப்பால், பதுளை வரை, இந்த வசதி இல்லை. ஒரே பாதையில் இரு திசை வண்டிகளும் ஓடவேண்டும். அங்கே ஓர் உலோக வட்டே அநுமதியாக வழங்கி வந்துள்ளது. வட்டைக் கையிற் பெறாமல் சாரதி அடுத்த நிலையத்தை நோக்கிப் புறப்படலாகாது. ஒரு வட்டை எடுத்துவிட்டால், அது திரும்ப வைக்கப்படும்வரை இரு நிலையக் கருவிகளும் வேறொன்றைத் தரமாட்டா.

நேயர்களே, கணினிக்குள்ளும் இத்தகைய ஒற்றைப் பாதைகள் உள்ளன. அங்கே வட்டின் வேலையைச் செய்வதற்குப் பூட்டு என்று பெயர். அப்பூட்டைப் பற்றிய ஓர் உண்மைச் சம்பவத்தையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில், விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையே எழுத்துக்களைக் கொண்டுசெல்லும் பகுதி ஒன்றுண்டு. பழைய தட்டச்சுத் தந்திக் கருவிகளின் நினைவாக அது இன்றும் ‘ரீ.ரீ.வை.’ என்றே அழைக்கப்படுகிறது. நாம் தட்டும் எழுத்து திரையிற் தோன்றுவது, இப்பகுதி அதனை எதிரொலிபோலத் திருப்பி அனுப்புவதால். அதே வேளையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் தன் விடையை எழுதுகிறது. இவ்விரண்டும் சேர்வது ஒரே தற்காலிகக் கிடங்கில்.

அக்கிடங்கில் 100 எழுத்துக்குரிய இடம் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். எதிரொலி வந்து பார்க்கிறது, 100 உண்டு. அது எழுதி முடித்துக் கணக்கில் குறிக்குமுன் நிரலும் வந்து பார்க்கிறது. அதற்கும் 100 தெரிகிறது. ஒவ்வொன்றும் 80 எழுத்து இட்டுக் கணக்கிற் கூட்டினால், நிரம்பிய அளவு 160 ஆகிறது! அடுத்து வரும் எழுத்துக்கள் கிடங்கின் சுவரைத் தாண்டிப் பிறருடைய நினைவகத்தில் விழுகின்றன. இயந்திரம் நின்றுபோகலாம். சூழ்ச்சியுள்ள சாதாரணப் பயனாளர் ஒருவர் நிருவாகியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றவும் கூடும்.

2009ஆம் ஆண்டில் செய்த ஒரு மாற்றத்தோடு புகுந்த இக்குறை 2014 வரை மறைந்திருந்தது. நொடியின் நுண்ணிய கூறொன்றில் இருவர் சந்தித்தாலன்றி இது வெளிப்படாது. ஆயிரம் முறை சோதித்தாலும் ஆயிரமும் சரியாகவே தோன்றக்கூடும்.

வியப்பு என்னவெனில், பூட்டு முன்னரே இருந்தது. எதிரொலி அதனைப் பெற்றே எழுதியது. நிரலும் வழக்கமான வழியில் எழுதும்போது பெற்றது. எழுத்துக்களைச் சிறிதும் திருத்தாமல் அப்படியே அனுப்பும் வழி ஒன்றில் மட்டும் பூட்டைப் பெறாமல் நுழைந்தது. வட்டைப் பெறாமல் ஒரேயொரு வண்டி புறப்பட்டால், மற்றச் சாரதிகளின் ஒழுங்கினால் யாது பயன்?

எல்லாவற்றுக்கும் ஒரே பெரும் பூட்டாகப் போடலாமே என்று கேட்பீர்கள். லினக்ஸின் கருப்பகுதியில் அப்படியும் ஒன்று இருந்தது. 2011இல் அதனை முற்றாக நீக்கினர். மலைநாடு முழுவதற்கும் ஒரே வட்டு என்றால், பதுளைக்குப் போன வண்டி திரும்பும்வரை நாவலப்பிட்டியில் ஏனையவை காத்துக் கிடக்கவேண்டியதுதான்.

2014ஆம் ஆண்டில் பீற்றர் ஹேர்லி என்பவர் செய்த திருத்தம் மிகச் சிறியது. விடுபட்ட அந்த வழியிலும், எழுதுமுன் அதே பூட்டைப் பெறவும் எழுதியபின் விடவும் வைத்தார். புதிய பூட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை.