ஒரே எறும்பு, இரண்டு நாவாய்ப்பூச்சிகள்

இலங்கையின் வத்தேகமவில் வீட்டுத் தோட்டங்களில் பலா நிழலில் கோப்பியும் கொக்கோவும் மிளகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அங்கே எறும்பேறிய மரத்தைக் கண்டதும் மருந்தடிப்பது கோப்பிக்குப் பொருந்தலாம், கொக்கோவுக்குப் பொருந்தாது. காரணம், ஒரே வகை வாயை நேரெதிராகப் பயன்படுத்தும் இரண்டு நாவாய்ப்பூச்சிகள்.

கோப்பி இலையின் அடியில், நடு நரம்பையொட்டி அப்பிக் கிடக்கிறது பச்சைச் செதில்பூச்சி. நீளம் சுமார் 3 மில்லிமீற்றர்தான். குஞ்சுப் பருவத்தில் சற்று நடந்து இடம் பிடித்தபின், உறிஞ்சுகுழலைச் சாறோடும் குழாயில் இறக்கிவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச்சத்து மிகக் குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிஞ்சும் இனிப்பைத் துளித்துளியாக வெளியேற்றுகிறது. அது வழிந்த இலையில் கரும்பூசணம் படர்கிறது. இனிப்புக்கு வரும் முசுறு எறும்பு, பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டிப் பூச்சியைக் காக்கிறது. இலங்கையின் கோப்பியை அழித்தது 1869இல் தோன்றிய இலைத்துரு நோய்தானே என்று கேட்கலாம். முதல் குற்றவாளி அதுதான். ஆனால் துருவால் இலையுதிர்ந்து இளைத்த செடிகளின் மீதே 1880களில் இந்தப் பூச்சி மொய்த்தது. மீளக்கூடிய செடிக்கும் அது வழிவிடவில்லை. பூச்சியியலாளர் ஈ. ஈ. கிரீன் இதற்கு அறிவியல் பெயரிட்டது 1889இல்.

இரண்டாவது நாவாய்ப்பூச்சி, தேயிலைக் கொசு எனப்படும் ஹெலோபெல்டிஸ். பெயரில் மட்டுமே கொசு. மெல்லிய நெட்டைக் கால்கள். முதுகில் குண்டூசியைக் குத்தி நிறுத்தியதுபோல் உருண்டைத் தலையுள்ள ஒரு முள். இளந்தண்டுக்குள் புதைக்கும் முட்டையிலிருந்தும் நீளம் சமமில்லாத இரண்டு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூச்சுக்காக. இது ஓரிடத்தில் தங்காது. கொழுந்திலும் கொக்கோக் காயிலும் மாறிமாறிக் குத்தி, உமிழ்நீரால் திசுவைக் கரைத்து உறிஞ்சும். குத்திய இடமெல்லாம் கறுத்துக் குழியும். இனிப்புத் துளி எதுவும் இதனிடமிருந்து கிடைக்காததால் எறும்புக்கு இது வெறும் இரை. ஜாவாவில் கொக்கோ பயிரிட்டோர் இதை விரட்டவே மரங்களில் கறுப்பு எறும்பைக் குடியேற்றினார்கள்.

அப்படியானால் கொக்கோவில் விட்டுவைக்கும் எறும்பு பக்கத்துக் கோப்பிக்குப் போகாதா? நிச்சயம் போகும், கொக்கோவில் எறும்பை விட்டுவைக்கும் யோசனையின் உண்மையான இடர் அதுதான். ஆனால் இரை தேடும் எறும்பு பறந்து போவதில்லை. கோப்பியின் அடித்தண்டில் பசைப்பட்டி சுற்றி, பக்கத்து மரத்தைத் தொடும் கிளைகளையும் கழித்துவிட்டால் வழி அடைபடும். கழிக்கும்போது மிளகுக் கொடியையும் பார்க்க வேண்டும்: கோப்பிக்குத் தாவிய ஒரு கொடி போதும், முசுறுக்குப் பாலமாக.