நீர்க்கடுப்பும் வழுவழுப்புப் படலமும்

தணிக்கை வேலையாய்த் தூத்துக்குடிக்குச் சென்றிருந்தபோது, பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றியிருந்த தோணியொன்றின் அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்தோம். கை வழுக்கிற்று. கடலில் இறங்கிய மரத்தின்மீது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் முதலில் ஒட்டிப் பசைபோன்ற படலம் அமைத்துக்கொள்கின்றன; கொட்டலசு பின்னரே வந்து குடியேறுகிறது. வேப்பலோடையில் 1973-ஆம் ஆண்டு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து விளைவித்த காலத்தும், இவ்வாறு ஒட்டுவனவற்றைச் சிப்பியினின்று அகற்றுவது தீராத வேலையாக இருந்தது.

இதையொத்த படலம் மனிதனின் மூத்திரப் பையிலும் உண்டாகிறது என்றால் அங்கத்தினர்கள் வியக்கக்கூடும். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி மூத்திரத் தாரை வழியே மேலேறுகிறது. பெண்களுக்கு அத்தாரை குறுகியதாகையால் நோய் அவர்களையே மிகுதியும் வருத்துகிறது. மயிர்போன்ற இழைகளால் சுவரைப் பற்றிக்கொண்டு, கிருமி தன்னைச் சுற்றிப் பசையைச் சுரக்கிறது. மருந்து அதனுள் முழுதும் ஊடுருவுவதில்லை. ஊடுருவினும், உள்ளே உறங்கிக் கிடக்கும் கிருமிகளை, வளரும் கிருமிகளைக் கொல்வதுபோல் கொல்ல இயலுவதில்லை. இரண்டு நாளில் கடுப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். எஞ்சியவை மீண்டும் பெருகுகின்றன. நெருங்கி வாழ்வதால் மருந்தை வெல்லும் மரபுக்கூறுகளையும் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன. நோயாளிக்குப் பொருத்திய ரப்பர்க் குழாயில் இப்படலம் விரைவில் படிகிறது. தேவை தீர்ந்தவுடன் குழாயை எடுத்துவிடுமாறு மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயே.

இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் மூத்திரத்தில், இறுதிக்கென ஒதுக்கி வைத்த கார்பாபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் கிருமி 2008-இல் அகப்பட்டது. அச்சிதைக்கும் பொருளுக்குப் புதுதில்லியின் பெயரைச் சூட்டினர். தில்லியில் பலருக்கு அது மனக்குறை. ஆயின் 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய கிருமிகள் சென்னையிலேயே 44 காணப்பட்டன.

இத்தகைய உயர்வகை மருந்துகள் பலவற்றை விற்கும்போது, நோயாளியின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டுமென்பது 2014 மார்ச் முதல் சட்டம். பதிவேடு பார்ப்பதே நம் தொழில். ஒரே நாளில் ஒரே மையில் நிரப்பிய பதிவேட்டை நாம் கண்டதில்லையா?

கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலாவலியும் கண்டால் கடைக்காரரிடம் மாத்திரை கேட்டு நில்லாது மருத்துவரிடம் செல்க. மருந்து உண்ணுமுன் மூத்திரத்தைச் சோதனைக்குக் கொடுப்பின், எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும்.

உப்பளத்துப் பெண்கள் ஒதுங்க இடமின்மையால் வெயிலிலும் தண்ணீர் அருந்தாதிருக்கின்றனர். நம் தறிக்கூடங்களிலும் அந்நிலை உண்டு. தேங்கிய நீரில் கிருமி பெருகும். கட்டட மதிப்பீட்டில் கழிப்பிடத்தைக் கடைசி வரியில் எழுதிப் பணம் போதாதென்று அடித்துவிடும் நிர்வாகக் குழுவினர், இவ்வாண்டு மதிப்பீட்டில் அதை முதல் வரியில் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.