வீட்டுத் தோட்டத்தில் புதினா வகைகள்

சமையலுக்குப் புதினா வேண்டுமெனில் சந்தையை எதிர்பார்த்திருப்பதே நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். வாங்கிய கட்டோ இரண்டொரு நாளில் வாடிவிடுகிறது. இலைகளைக் கிள்ளிய பின் நாம் குப்பையில் எறியும் தண்டிலேயே அடுத்த பயிர் அடங்கியுள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

புதினாவில் வகைகள் பல உண்டு. ஸ்பியர்மின்ட் வகையின் இனிய மணத்திற்குக் கார்வோன் என்னும் பொருளே காரணம்; துவையலுக்கும் மோருக்கும் இது ஏற்றது. பெப்பர்மின்ட் வகையில் மென்தால் மிகுதி. வெந்நீரில் இட்டுப் பருகினால் நாவில் குளிர்ச்சி தோன்றும். மென்தால் இன்னும் மிகுந்த ஜப்பான் புதினா, எண்ணெய்க்காக உத்தரப் பிரதேசத்தில் பெருமளவில் பயிராகிறது. அன்னாசிப் புதினாவின் இலைகளில் வெண்ணிற ஓரமும் பழ மணமும் உண்டு. பானகத்திலும் பழச்சாற்றிலும் சேர்க்கலாம்.

பெப்பர்மின்ட், ஸ்பியர்மின்ட்டும் நீர்ப் புதினாவும் கலந்து தோன்றிய கலப்பினமாகும். அதிலிருந்து முளைக்கும் விதை கிடைப்பது அரிது. பிற வகைகளின் விதைகளும் தாய்ச் செடியின் மணத்தை அப்படியே தரும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே, தண்டின் மூலம் பயிராக்குவதே உறுதியான முறை. விரற்கடை நான்கு அல்லது ஐந்து நீளமுள்ள தண்டுகளின் அடி இலைகளை நீக்கி, நீரில் நிறுத்தினால் சில நாட்களில் வேர் விடும். அவற்றைத் தொழு உரம் கலந்த, நீர் தேங்காத பாத்தியில் ஓர் அடி இடைவெளியில் நடவேண்டும். பிற்பகல் வெயில் படாத இடம் நன்று.

புதினா மண்ணுக்குள் ஓடிப் பரவும் இயல்புடையது. இரு வகைகளை ஒரே பாத்தியில் நட்டால் வலியது மற்றதை நெருக்கிவிடும். எது எதுவென்று தெரியாமலும் போகும். எனவே ஒவ்வொரு வகையையும் தனித்தனி மண்தொட்டியில் வளர்ப்பதே அறிவுடைமை.

அரிசி, காய்கறி கழுவிய நீரைப் பாய்ச்சலாம். ஆனால் பச்சையாக உண்ணும் இலையாதலால், சாக்கடை நீர் ஒருபோதும் கூடாது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முதல் அறுவடை கிடைக்கும். வேரோடு பிடுங்காமல், தரைக்குச் சற்று மேலே அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். இலையின் அடியில் செம்பழுப்புத் துருப் புள்ளிகள் தோன்றினால், நோயுற்ற தண்டுகளை அறுத்து எரித்துவிட வேண்டும். மிஞ்சிய இலைகளை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரத்தில் சேமிக்கலாம்.

இலை வேறு, எண்ணெய் வேறு என்பதையும் நினைவிற் கொள்வோம். கடைகளில் விற்கும் புதினா எண்ணெயும் மென்தாலும் மிகவும் கடுமையானவை. கைக்குழந்தைகளின் மூக்கிலோ முகத்திலோ அவற்றைத் தடவினால் மூச்சுத் தடை நேரக்கூடும், தடவலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள், பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் அருகே ஒரு தாய்ப்பாத்தி அமைத்து, வகையின் பெயரோடு வீட்டுக்கு நான்கு தண்டுகள் வழங்கலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. இன்று தண்டு பெறும் வீடு, இரண்டொரு மாதங்களில் அண்டை வீட்டிற்குத் தண்டு கொடுக்கும் நிலையை அடைந்துவிடும்.