தலைநகரில் காபிக்குக் குறைவில்லை, மேஜைக்குத்தான் பஞ்சம்

புது தில்லி:

தலைநகரில் நல்ல காபி எங்கே கிடைக்கும்? தமிழகத்திலிருந்து தில்லிக்கு வரும் எம்.பி.யும், கட்சித் தொண்டரும், வேலை தேடி வரும் இளைஞரும் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை சொல்வது ஆண்டுதோறும் எளிதாகி வருகிறது. ஆனால், மாற்றுக் கட்சிக்காரருடன் மணிக்கணக்கில் அமர்ந்து பேச ஒரு காபிக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டால், விடை சொல்வது ஆண்டுதோறும் கடினமாகி வருகிறது.

தில்லி அடிப்படையில் தேநீர் நகரம். திருமண வரவேற்புகளில் நீராவி இயந்திரம் சீற, நுரை பொங்க, மேலே கோகோ தூள் தூவித் தரப்படும் 'எஸ்பிரஸ்ஸோ'தான் இந்நகரவாசிகள் நெடுங்காலம் அறிந்திருந்த காபி. டிகாக்ஷனும் டபரா செட்டும் தெற்கிலிருந்து வந்தவர்களோடு வந்தவை. விடுதலைக்குப் பிறகு மத்திய அரசுப் பணிக்கு வந்த தமிழர்கள் கரோல் பாகிலும், பின்னர் ராமகிருஷ்ணபுரத்திலும், யமுனைக்கு அப்பால் மயூர் விஹாரிலும் குடியேறினர். அவர்களைப் பின்தொடர்ந்து காபித்தூள் கடைகளும் வந்தன. லோதி காலனி கன்னா மார்க்கெட்டில் கொட்டையை வறுத்து, சிக்கரி எவ்வளவு என்று கேட்டு அரைத்துத் தந்த 'தேவன்ஸ்' கடையின் மணம், தெருமுனையிலேயே தென்னிந்தியரை இழுத்து வந்துவிடும்.

அதிகார மையத்தைச் சுற்றியும் இத்தகைய இடங்கள் உண்டு. ரஃபி மார்க்கில் யு.என்.ஐ. செய்தி நிறுவன வளாகத்துச் சிற்றுண்டிச்சாலை, பல ஆண்டுகள் செய்தியாளர்களுக்கு இட்லி, வடையும் காபியும் தந்தது. ஜந்தர் மந்தரில் போராட வரும் தென்னகத்தாருக்கு, அதே சாலையில் உள்ள கேரள இல்லம் ஆறுதல். கன்னாட் பிளேஸுக்கு சரவண பவன் வந்த பிறகு, வடநாட்டவரும் டபராவில் காபியை ஆற்றிக் குடிக்கக் கற்றுக்கொண்டனர்.

தொழிலாளர்கள் நடத்திய கடை: ஆனால், தலைநகரின் அரசியல் வரலாற்றில் இடம்பிடித்த காபிக்கடை வேறு. காபி நுகர்வைப் பெருக்கும் நோக்கில் 1936-ல் மும்பை சர்ச்கேட்டில் தொடங்கப்பட்டது இந்தியா காபி ஹவுஸ். காபி வாரியத்தின் கீழ் பல நகரங்களுக்கும் பரவிய இக்கடைகளை, 1950-களின் நடுப்பகுதியில் வாரியம் மூட முற்பட்டது. வேலை இழந்த ஊழியர்களைத் திரட்டி, கடைகளை நாமே நடத்துவோம் என்று வழிகாட்டியவர், மக்களவையில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக விளங்கிய ஏ.கே.கோபாலன். 1957 ஆகஸ்ட் 19-ல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இரண்டே மாதங்களில், அக்டோபர் 27-ல், கூட்டுறவுச் சங்கத்தின் முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' திறக்கப்பட்டது புது தில்லியில்தான்.

கன்னாட் பிளேஸில் இயங்கிய காபி ஹவுஸில், ஒரு கோப்பை காபி வாங்கினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமரலாம். தலைப்பாகை அணிந்த பணியாளர் வந்து எழுப்பமாட்டார். 'மூன்றணா' விவாதத்தால் 1963-ல் மக்களவையையே உலுக்கிய ராம் மனோகர் லோகியா அங்கே வருவார். அவர் ஓயாமல் சாடிய காங்கிரஸைச் சேர்ந்த ஐ.கே.குஜ்ராலும் வருவார். ஹிந்தி எழுத்தாளர் விஷ்ணு பிரபாகருக்கு அங்கே நிரந்தர இருக்கையே உண்டு எனலாம். குமாஸ்தாவும் கவிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் ஒரே விலைக்கு ஒரே காபியைக் குடித்தனர்.

அவசரநிலையும் காபி ஹவுஸும்: இத்தகைய மேஜைகளை அதிகாரம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு அவசரநிலை சாட்சி. 1975 ஜூனில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டபோது தகவல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்து வந்த குஜ்ரால், சில நாள்களிலேயே அத்துறையிலிருந்து மாற்றப்பட்டார். மறு ஆண்டே அந்தக் காபி ஹவுஸ் இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் அப்பகுதியில் பாலிகா பஜார் நிலத்தடி அங்காடி எழுந்தது.

காபி ஹவுஸ் அருகிலுள்ள மோகன் சிங் பிளேஸின் மாடிக்கு இடம்பெயர்ந்தது. குரங்குகள் உலவும் அந்த மொட்டைமாடியில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் பழைய சோஷலிஸ்டுகளும் ஒரு கோப்பையை முன்வைத்து மாலை முழுவதும் விவாதித்ததைப் பல்லாண்டுகள் காண முடிந்தது. காபி சுமார்தான் என்று அவர்களே சொல்வார்கள். மறுநாளும் வருவார்கள்.

மைய மண்டபம்: காபி ஹவுஸ் பொதுமக்களுக்கு என்றால், நாடாளுமன்றத்தின் மைய மண்டபம் அரசியல்வாதிகளின் காபி ஹவுஸ். 1946 டிசம்பர் 9-ல் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடிய அதே மண்டபத்தில், பிற்காலத்தில் காபி, தேநீர், டோஸ்ட் சகிதம் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அமர்ந்தன. முற்பகலில் அவையில் ஒருவர்மீது ஒருவர் பாய்ந்தவர்கள், பிற்பகலில் அங்கே அருகருகே அமர்ந்திருப்பார்கள். சென்னையில் முகம் கொடுத்துப் பேசாத திமுக, அதிமுக உறுப்பினர்கள்கூட அங்கே நலம் விசாரித்துக்கொள்வார்கள். முன்னாள் உறுப்பினர்களுக்கும் மூத்த செய்தியாளர்களுக்கும் அங்கே அனுமதி இருந்தது. அங்கே கேட்டதைப் பெயர் குறிப்பிட்டு எழுதுவதில்லை என்பது எழுதப்படாத விதி. பல மசோதாக்களின் முடிச்சு அவிழ்ந்தது அவையில் அல்ல, அந்த மேஜைகளில்தான் என்பதை நாடாளுமன்றச் செய்தியாளர் எவரும் அறிவர்.

2020-ல் கொரோனா பரவலைக் காரணம் காட்டி, நாடாளுமன்றத்துக்குள் செய்தியாளர்களின் நுழைவு கட்டுப்படுத்தப்பட்டது. நோய் தணிந்த பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. 2021 டிசம்பரில் செய்தியாளர்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023 செப்டம்பர் 19-ல் இரு அவைகளும் புதிய கட்டடத்துக்கு மாறின. 888 இருக்கைகள் கொண்ட புதிய மக்களவை அரங்கிலேயே, கூட்டுக் கூட்டத்தின்போது 1,272 பேர் வரை அமரலாம் என்பதால், அங்கே தனியாக மைய மண்டபம் கட்டப்படவில்லை. 2024 ஜூலையில், மகர் வாயிலுக்கு வெளியே கண்ணாடி அடைப்புக்குள் செய்தியாளர்கள் நிறுத்தப்பட்டதை மக்களவையில் எழுப்பினார் எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி.

பழைய கட்டடத்தில் இடம் போதவில்லை என்பது உண்மை. பாதுகாப்புக் கவலைகளும் கற்பனை அல்ல. புதிய கட்டடத்தில் உறுப்பினர்களுக்கு ஓய்வறைகளும் உணவகங்களும் உள்ளன. ஆனால், எல்லாக் கட்சியினரும் செய்தியாளரும் தற்செயலாகச் சந்திக்கும் கூடம் அங்கே இல்லை. சந்திக்காதவர்கள் ஒருவரையொருவர் தொலைக்காட்சித் திரையில் மட்டுமே பார்க்கிறார்கள். அங்கே சமரசத்துக்கு இடமில்லை.

நுரையில் ஓவியம்: நகரத்தின் கதையும் இதுதான். 2000-ல் தலைநகரில் தொடங்கிய பாரிஸ்டாவும், அதைத் தொடர்ந்து வந்த பெருநிறுவனக் கடைகளும் காபியை இளைஞர்களின் பானமாக்கின. 2013-ல் தில்லியில் உருவான புளூ டோகாய், எந்தத் தோட்டத்துக் கொட்டை, எவ்வளவு வறுத்தது என்று உறையிலேயே அச்சிட்டு விற்கிறது. சிக்கமகளூரு விவசாயிக்கு இது நல்ல செய்தி. காபியின் சுவையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால், இருவர் அமரும் மேஜையும், உரத்த இசையும், ஒரு கோப்பைக்குத் தரவேண்டிய விலையும் நீண்ட விவாதத்துக்கு இடம் தருவதில்லை. பெரும்பாலோர் மடிக்கணினியோடு தனியே அமர்ந்திருக்கிறார்கள்.

அரசியலமைப்பு சதனம் என்று பெயர் மாற்றப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடம், புதிய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மைய மண்டபமும் அப்படியே இருக்கிறது. கூட்டத்தொடர் நாள்களில் உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அதைத் திறந்துவிட, புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை; சட்டத் திருத்தமும் தேவையில்லை. மக்களவைத் தலைவரும் மாநிலங்களவைத் தலைவரும் கூடி ஒரு முடிவெடுத்தால் போதும். மற்றபடி வேண்டியதெல்லாம் சில மேஜைகளும், காபி போடத் தெரிந்த ஒருவரும்தான்.