ஹந்தானை அடிவாரத்தில் ஒரு மாணவர் ஊர்

கண்டிக்குப் போகும் ரயில் பாதையில், பேராதனைச் சந்தியைத் தாண்டியதும் சரசவி உயன என்றொரு சிறு நிலையம் வரும். அங்கே ஏறி இறங்குவோரில் பெரும்பாலோர் மாணவர்கள். ஒரு பக்கம் ஹந்தானை மலைச்சரிவு, நடுவே மகாவலி கங்கை, சுற்றிலும் ஏறத்தாழ 700 ஹெக்டேர் நிலம். இலங்கையின் முதல் பல்கலைக்கழகம் நிரந்தரமாகக் குடியேறிய இடம் இது. ஒரு தேசத்தின் கனவும் சண்டையும் சேர்ந்தே இங்கு வளர்ந்தன.

இந்தப் பல்கலைக்கழகம் எளிதில் வந்துவிடவில்லை. 1906இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் சங்கம் அமைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். கிடைத்தது 1921இல் கொழும்பில் ஒரு கல்லூரி மட்டும். அதில் படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைதான் எழுத வேண்டியிருந்தது. பிறகு, பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டிப் பக்கத்திலா என்ற வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிக்காக விடாமல் வாதாடினார். கடைசியில், 1942 ஜூலை 1ஆம் தேதி, உலகப் போருக்கு நடுவே, இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் பிறந்தது. அதன் வீடு பேராதனை என்பது முன்பே முடிவாகியிருந்தது.

முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் ஆங்கிலேயர். அரசியலமைப்புச் சட்ட அறிஞர். மாணவர்கள் ஓரிடத்தில் தங்கி, ஒன்றாக உண்டு, விளையாடி, விவாதித்துப் படிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நகரத் திட்ட வல்லுநர் பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும் வளாகத்தைத் திட்டமிட்டார்கள். கட்டடக் கலைஞர் ஷர்லி டி அல்விஸ் கண்டிய மரபின் ஓட்டுக்கூரையையும் தூண் வரிசைகளையும் புதிய கட்டடங்களுக்குள் கொண்டுவந்தார். 1952 அக்டோபரில் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பெயர்ந்து வந்தது. அருணாசலம், ராமநாதன், ஜயதிலக்க, மார்ஸ் என்று பெயர் சூட்டிய விடுதிகள் நிரம்பின. 1954 ஏப்ரலில் எலிசபெத் ராணியுடன் வந்த எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த நிறுவனத்தை என்ன சொல்லித் திறப்பது? 'வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது' என்ற பொருளில் அவர் அறிவித்ததைப் பேராதனையில் படித்தவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள்.

கதவு அகலத் திறந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945 முதல் இலங்கையில் கல்வி இலவசமானது. யாழ்ப்பாணத்து ஆசிரியரின் மகனும், மட்டக்களப்பு விவசாயியின் மகனும், காலிக் கடற்கரைச் சிங்களக் கிராமத்து மாணவியும் ஒரே வளாகத்தில் வாழ வழி பிறந்தது.

அப்படிச் சேர்ந்து வாழ்ந்ததால் விளைந்த பெரும் பயன் நாடகம். சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, கிராமத்து ஆட்டங்களைத் தேடி ஆராய்ந்தவர். தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்ற சிங்கள ஆட்டமரபு, தென்கரையின் அம்பலாங்கொடையில் சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற முதிய அண்ணாவியாரிடம் (ஆட்டம் பழக்கும் ஆசானிடம்) உயிரோடு இருந்தது. அவரை அழைத்துவந்து மாணவர்களுக்குப் பழக்கி, 1956இல் சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே' நவீன சிங்கள நாடகத்தின் தொடக்கமாகவே கருதப்படுகிறது. மலைச்சரிவைப் படிப்படியாக்கி அமைத்த திறந்தவெளி அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பக்கத்திலிருந்த தமிழ்த்துறையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் கூத்து விடிய விடிய நடக்கும். மண்ணால் உயர்த்திய வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும்; நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார்; ஒவ்வொரு பாத்திரமும் வரவுத் தாளத்துக்கு ஆடித்தான் உள்ளே வரும். படித்தவர்கள் அதை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருந்த காலம். வித்தியானந்தன் அங்குள்ள வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்தார். மாணவர்களின் காலில் தாளக்கட்டு ஏறியது. இரவு முழுதும் நீண்ட ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கி மேடையில் அமர்ந்தது. 'கர்ணன் போர்' 1962இல் அரங்கேறியது. அடுத்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே ஆசான்கள் என்ற எண்ணத்தை இந்த ஒத்திகைக்கூடங்கள் உடைத்தன.

தமிழ்த்துறைக்கு இந்தத் துணிச்சல் புதிதல்ல. 1943இல் அதன் முதல் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலானந்தர். அவருக்குப் பின் வந்த க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகங்கள் எழுதினார். ஐம்பதுகளில் இங்கு மாணவர்களாக இருந்த க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பின்னாளில் தமிழ் இலக்கிய விமர்சனத்தின் போக்கையே மாற்றினார்கள். தமிழ்ச்சங்கத்தின் ஆண்டு மலரான 'இளங்கதிர்', மாணவர்களாயிருந்த பல எழுத்தாளர்களின் தொடக்க எழுத்துகளைச் சுமந்து வந்தது.

நாட்டின் காயங்களும் வளாகத்துக்குள் வந்தன. எழுபதுகளில் மாணவர் அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல் முறை தமிழ் மாணவர் பலரின் பல்கலைக்கழக வாய்ப்பைப் பறித்தது; அந்தக் கசப்பு ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. 1983 மே மாதம், தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரத்துக்கு முன்பே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒன்றாக உண்டு உறங்கிய விடுதிகளில் இது நடந்தது என்பதுதான் தாங்க முடியாதது. 1989இல், ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியும் அரச வன்முறையும் உச்சத்தில் இருந்தபோது, வளாகக் குளத்தைச் சுற்றி வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ட சிங்கள மாணவர்களும் ஆசிரியர்களும் அந்தக் காலையை மறக்கவில்லை.

வெளியிலிருந்து வராத கேடு ஒன்றும் உண்டு: பகிடிவதை. 1997இல் பொறியியல் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். மறு ஆண்டே நாடாளுமன்றம் பகிடிவதையைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் அந்தக் கொடுமை முற்றாக ஒழியவில்லை. விடுதி வாழ்க்கையைக் கல்வியின் பாதியாகக் கருதி எழுப்பிய ஒரு நிறுவனத்துக்கு இதைவிட அவசரமான வேலை வேறில்லை.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் பேராதனை தனிப் பல்கலைக்கழகமானது. இன்று மருத்துவம், பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம் உள்பட ஒன்பது பீடங்கள் இயங்குகின்றன. குன்றின்மேல் தமிழ் மாணவர்கள் போற்றும் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் இதே வளாகத்தில் உள்ளன. இங்கிருந்து புறப்பட்டவர்கள் வேறு இடங்களையும் கட்டினார்கள். 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்துக்குக் கைலாசபதி முதல் தலைவரானார். அது தனிப் பல்கலைக்கழகமானதும் வித்தியானந்தன் துணைவேந்தரானார். மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதே 'இராவணேசன்' கூத்தைப் புதிய தலைமுறைக்குப் பழக்கி மட்டக்களப்பு மண்ணிலேயே மீண்டும் மேடையேற்றினார்.